பறிக்கச் சொல்லும் தோட்டம்

"பூக்களைப் பறியாதீர்" என்று எழுதிய பலகை இல்லாத பூங்காவை நாம் கண்டதில்லை. சிறுவயதில் அப்பலகைக்கு அஞ்சியே வளர்ந்தோம். நம் பிள்ளைகளையும் அவ்வாறே அஞ்சவைத்து வளர்த்து வருகிறோம். ஆகையால், 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றில் பெரியவர் ஒருவர் நம் எதிரே வந்து, பிரப்பங்கூடை ஒன்றையும் சிறு கத்தரிக்கோல் ஒன்றையும் நீட்டி, "வேண்டியதைப் பறிச்சுக்குங்க, ஐயா" என்று சொன்னபோது நாம் சற்றே திகைத்து நின்றோம் என்றால், வாசகர்கள் நகைக்க மாட்டார்கள் என நம்புகிறோம்.

இடம், ஹட்டனிலிருந்து டிக்கோயாவைக் கடந்து செல்லும் பாதையில், காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கியிருக்கும் ஒரு தேயிலைச் சரிவு. அங்கே விருந்தினர் தங்குவது மாளிகையிலன்று, கூடாரத்தில். கூடாரம் என்றதும் சாரணச் சிறுவர்கள் முளையடித்துக் கட்டும் துணிக்குடிலை நினைத்துவிடலாகாது. பலகைத் தளமிட்டு, தடித்த கன்வஸ் துணியால் சுவரும் கூரையும் அமைத்து, உள்ளே கட்டிலும் மெத்தையும் எழுதுமேசையும் இட்டு, பின்புறத்தில் வெந்நீர்க் குழாயுடன் குளியலறையும் வைத்திருக்கிறார்கள். இதற்குக் ‘கிளாம்பிங்’ என்று பெயர். கவர்ச்சியையும் கூடாரவாசத்தையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பாதி பாதியாக வெட்டி ஒட்டிய பெயர் அது. பெயர்தான் புதிது, பொருள் பழையது. மொகலாயப் பாதுஷாக்கள் புறப்பட்டால் ஒரு நகரமே கூடாரமாக அவர்களுடன் நகர்ந்தது என்று சரித்திரத்தில் படித்திருக்கிறோம் அன்றோ!

மாதச் சம்பளத்தில் கொழும்பிலே குடித்தனம் நடத்தும் நமக்கு இத்தகைய இடத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நண்பர் ஒருவர் இரண்டு இரவுகளுக்குப் பணம் கட்டியிருந்தார். புறப்படும் தறுவாயில் அவர் தாயாருக்குச் சுகவீனம். கட்டிய பணம் திரும்பாது என்றறிந்து, "நீங்களாவது போய் வாருங்கள்" என்றார். நாமும் இல்லத்தரசியும் பிள்ளைகள் இருவரும் போனோம். கட்டணம் எவ்வளவு என்பதைப் பின்னரே அறிந்தோம். அன்று தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா, 2021இல் நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், கூடாரத்தில் ஓரிரவு என்பது ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு. அவ்வாண்டின் பிற்பகுதியில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. இவ்விரண்டு எண்களையும் அருகருகே எழுதிய பின் கட்டுரையின் சுருதி சற்றுக் கெடத்தான் செய்யும்; ஆயினும் எழுதாமலிருக்க மனம் இடந்தரவில்லை.

மலைநாட்டில் இவ்வகைத் தங்குமிடங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. கந்தப்பளைக்கு அருகே ஹெதர்செட் என்னும் தோட்டத்தில் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையை, இயந்திரச் சக்கரங்களையும் இரும்புத் தூண்களையும் அகற்றாமலே, 1996இல் ஹோட்டலாக மாற்றித் திறந்தார்கள். அத்தோட்டத்தை நட்டு வளர்த்த ஆங்கிலேயரின் பெயர் பிளவர்டியூ. அப்பெயரைப் பிரித்தால் பூவும் பனித்துளியும் வரும். நம் தொழிலாளர்கள் வேறெதையும் யோசியாமல் அத்தோட்டத்துக்குப் ‘பூப்பனி’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம்! மலையிலே ஆங்கிலப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெயர் ஒளிந்திருப்பது வழக்கம்; ஆனால் இத்தனை அழகாக ஒளிந்திருப்பது அரிது. பின்னர் 2005இல், நாம் தங்கிய இதே காசல்ரீப் பள்ளத்தாக்கில், துரைமார் வாழ்ந்த பழைய பங்களாக்களைப் புதுப்பித்துச் ‘சிலோன் டீ ட்ரெயில்ஸ்’ என்ற பெயரில் விருந்தினர்க்குத் திறந்தனர். கண்டிக்கு அப்பால் மடுல்கலையில், நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கித் தேயிலைக்கு நடுவே கூடார வீடுகளை அமைத்திருக்கிறார்கள். முதலில் தொழிற்சாலை, பின் பங்களா, இப்போது கூடாரம். தேயிலையின் விலையை மட்டும் நம்பியிருக்க முடியாத காலத்தில், காட்சிக்கும் குளிருக்கும் விலை வைக்கக் கற்றுக்கொண்டது மலை. நாம் தங்கிய இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. விளம்பரம் செய்வது நம் நோக்கமன்று.

முதல் இரவு குளிர் நன்றாகவே அறிமுகமாயிற்று. துணிச்சுவர் காற்றில் படபடக்கும்போதெல்லாம் இளையவன் "யாரோ வருகிறார்கள்" என்று போர்வைக்குள் ஒடுங்கினான். விடியற்காலையில் வாசல் துணியை விலக்கிப் பார்த்தோம். கீழே நீர்த்தேக்கத்தின்மேல் மூடுபனி, பால் பொங்கி நின்றது போல் நின்றது. 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்து இந்த அணையைக் கட்டினார்கள். அன்று மலையடிவாரத்துத் தேயிலை நிலங்கள் பல நீருக்குள் போயின. மேலே, மேற்றிசையில், சிவனொளிபாதமலை கூம்பிய கைபோல் தனித்து நின்றது. பருவகாலமாதலால் இரவெல்லாம் யாத்திரிகர் ஏறியிருப்பர். அந்தக் காட்சியைப் பற்றி இன்னும் பத்து வரி எழுதலாம். ஆனால் நாம் சொல்ல வந்தது தோட்டத்தைப் பற்றி.

தோட்டம் அரை ஏக்கர்தான் இருக்கும். சரிவை ஐந்தாறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கருங்கல் அடுக்கியிருந்தனர். கீழ்ப்படியில் கரட், பீட்றூட், லீக்ஸ், அதற்குமேல் கோவாவும் சலாதும், அதற்கும் மேலே கம்பு நட்டு ஏற்றிய போஞ்சி, ஓரமெங்கும் மரத்தக்காளி, வேலி நெடுகக் கொடித்தோடை, உச்சியில், பனி படாமல் மெல்லிய மறைப்புப் போட்ட பாத்திகளில், ஸ்ட்ரோபெரி. கூடையை நீட்டிய பெரியவர்தாம் இவையனைத்துக்கும் காவலர். தோட்டத்திலே முப்பது ஆண்டுகளுக்குமேல் ‘பேர் பதிந்து’ வேலை செய்து ஓய்வுபெற்றவர். விருந்தினர்க்குப் பறிக்கக் கற்றுக்கொடுப்பதற்கென்றே இப்போது அவரை அமர்த்தியிருக்கிறார்கள்.

பறிப்பதைக் கற்றுக்கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டுமா என்று நாம் எண்ணிய மறுகணமே நம் இளையவன் அதற்கு விடை தந்தான். கரட் பாத்தியில் குனிந்து, தழையைப் பற்றி, முழுப் பலத்துடன் இழுத்தான். தழை கையோடு வந்தது. கிழங்கு மண்ணிலே கிடந்தது. பிள்ளை மல்லாந்து விழுந்தான்.

"தம்பி, அதுக்குக் கோவம் வந்திரிச்சு" என்றார் பெரியவர் சிரியாமலே. "மொதல்ல கழுத்துக்கிட்ட மண்ணத் தளத்திவிடணும். அப்புறம் தழையோட அடியப் புடிச்சி, லேசாத் திருகி, நேரா மேல தூக்கணும். சாய்ச்சி இழுத்தா அது வராது."

அன்று காலை நாம் கற்றவை பல. போஞ்சியைப் பறிக்கும்போது ஒரு கையால் கொடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இன்றேல் பிஞ்சும் பூவும் சேர்ந்து போய்விடும். சலாதை வேரோடு பிடுங்காமல் வெளி இலைகளை மட்டும் கிள்ளினால், அதே செடி மறுபடியும் தரும். லீக்ஸின் தண்டு வெண்மையாக இருப்பது அதன் இயற்கையன்று; வளர வளர மண்ணை அணைத்து ஒளியை மறைப்பதால் வருவது. ஸ்ட்ரோபெரி பறித்தபின் பழுப்பதில்லை. காம்பருகே வெளுப்பு இருந்தால் அதைச் செடியிலேயே விட்டுவிட வேண்டும். மரத்தக்காளியின் தோல் கசக்கும். சதையை மட்டும் உண்ண வேண்டும். தென்னமெரிக்க மலைகளிலிருந்து வந்த அப்பழம், இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறதென்றால், தங்கள் பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்பவர்களும் உண்டு! கொடித்தோடையோ பறிக்கவே வேண்டியதில்லை. பழுத்தால் தானே விழும், விழுந்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம். மூத்தவள் இதைக் கேட்டதும் வேலியடியிலே குந்திவிட்டாள். அரைமணி நேரம் காத்திருந்தும் அவள் முன்னிலையில் ஒரு பழமும் விழவில்லை. எழுந்து இரண்டடி நடந்ததும் விழுந்தது.

இம்மலைகளில் ஐரோப்பிய மரக்கறி பயிரிடும் எண்ணம் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரைச் சொல்லாமல் நிறைவுறாது. காய்ச்சலால் மெலிந்து நுவரெலியாவுக்கு வந்த அவர், அக்குளிரிலே இரு வாரங்களில் தேறினார். தேறிய மகிழ்ச்சியில் அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவிவிடலாம் என்று துணிந்து, 1848இல் கொல்லர், பண்ணை மேற்பார்வையாளர், வேட்டை நாய்கள், உயர்சாதிப் பசு, ஏர்க்கருவிகள் எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். பசு மலையேறும் வழியிலேயே மாண்டது. வண்டியொன்று பள்ளத்தில் உருண்டது. விதைத்த ஓட்ஸ் பயிரை மரைகளும் காட்டுப் பன்றிகளும் மேய்ந்தன. உருளைக்கிழங்கைப் புழு அரித்தது. எருவிட்டாலன்றி இம்மண் எதையும் தராது என்பதை அவர் இழப்பின் மூலமே கற்றார். 1855இல் அவர் எழுதி வெளியிட்ட ‘இலங்கையில் எட்டு ஆண்டுகள்’ என்னும் நூலில் இவற்றையெல்லாம் ஒளியாமல் சொல்லியிருக்கிறார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடி ஆபிரிக்காவுக்குச் சென்று பெரும்புகழ் பெற்றவரும் அவரே.

பேக்கர் போனார், அவருடைய கரட்டும் கோவாவும் மலையில் தங்கின. கோப்பியை 1869 முதல் இலைத்துரு நோய் அழித்தது. லூல்கந்தராவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பள்ளத்தாக்குகளின் ஈரமான அடிநிலத்தில் மரக்கறியும், மேலே சரிவுகளில் தேயிலையும் என்று மலை தன்னைப் பங்கிட்டுக்கொண்டது. இன்று கொழும்புச் சந்தையில் ‘நுவரெலியாக் கரட்’ என்று கூவினால் விலை கூடுகிறது.

பறித்த கூடையைச் சமையற்கட்டில் கொடுத்தோம். "இன்று உங்கள் சாப்பாடு உங்கள் கூடையைப் பொறுத்தது" என்று சமையற்காரர் முன்னரே எச்சரித்திருந்தார். நாம் ஆசையினால் பீட்றூட்டை அதிகம் பறித்துவிட்டோம் போலும்; மதியம் பீட்றூட் சூப்பு, பீட்றூட் கறி, பீட்றூட் சலாது என்று இலை முழுவதும் சிவந்தது. லீக்ஸ் வறையும் பருப்பும் வந்து நம்மைக் காப்பாற்றின. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டிலே மரக்கறியைக் கண்டால் முகஞ்சுழிக்கும் இளையவன், தழையறுந்து பின்னர் மண்ணைக் கிளறி எடுத்த அந்தக் கோணற் கரட்டைத் தனக்கென்று கேட்டு வாங்கித் தின்றான்.

மாலையில் பிள்ளைகளுக்கு இன்னோர் ஆசை பிறந்தது. எதிர் மலையிலே பெண்கள் நிரை நிரையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். "நாங்களும் பறிக்கலாமா?" என்றாள் மூத்தவள். கந்தப்பளை ஹோட்டலில் விருந்தினர் சேலையுடுத்தி, கூடை மாட்டி, தாமே பறித்த கொழுந்தைச் சிறு இயந்திரத்தில் அரைத்துப் பொட்டலமாக எடுத்துச் செல்லும் ஏற்பாடும் உண்டு என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியவரைக் கேட்டோம். அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை.

"பறிக்கலாம், பாப்பா. ஒரு கை புடி பறிச்சாச் சந்தோசமா இருக்கும். அந்தப் புள்ளைகளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ வேணும். நீங்க பறிக்கிறப்ப நிரையில நடுவுல நின்னா, அவங்களுக்குக் கை தடைப்படும்" என்றார்.

20 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து கிடைக்கும் தேயிலை நான்கு கிலோவுக்குச் சற்றே மேல். அதற்காக ஈரிலையும் ஒரு மொட்டுமாக எத்தனை ஆயிரம் தடவை விரல்கள் கிள்ள வேண்டும் என்று மூத்தவள் ஒரு தாளில் கணக்குப் போடத் தொடங்கி, பாதியிலே விட்டுவிட்டாள். நாம் பறிக்கப் போகவில்லை.

மறுநாட் காலை பெரியவர், "நம்ம வீட்டுத் தோட்டத்தையும் ஒருக்காப் பாத்துட்டுப் போங்க, அம்மா" என்று இல்லத்தரசியை அழைத்தார். விருந்தினர் அட்டவணையில் இது இல்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் கால்மணி நேரம் இறங்கி நடந்தோம். மழைக்காலமாயின் அட்டைகள் நம்மை விட்டிருக்கமாட்டா.

லயங்களை நாம் அதற்குமுன் பஸ்ஸின் சாளரத்தினூடாக மட்டுமே கண்டிருந்தோம். நீண்ட ஒரே கூரை; அதன் கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் காம்பராக்கள்; முன்னே ஒடுங்கிய விறாந்தை. பெரியவரின் காம்பராவுக்குப் பின்னே, சரிவிலே, சுமார் எட்டடி அகலமும் முப்பதடி நீளமும் கொண்ட ஒரு துண்டு நிலம். அதைக் கண்டபோதுதான் நமக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கருங்கல் அடுக்கிய படிகள், கம்பு நட்ட போஞ்சி, ஓரத்து மரத்தக்காளி எல்லாம் அங்கேயும் இருந்தன. கூடாரத்து அரை ஏக்கர் அழகு இந்தத் துண்டின் நகல்தான். பெரியவர் தம் தாயாரிடம் கற்றதை மேலே போய்ப் பெரிதாக எழுதியிருக்கிறார், அவ்வளவே.

உள்ளே அழைத்துத் தேத்தண்ணியும் ரொட்டியும் தந்தார்கள். அடுப்புத் தணலில் சுட்டு, தோலுரித்து, பச்சைமிளகாயும் உப்பும் சேர்த்துப் பிசைந்த மரத்தக்காளிச் சம்பல். முதல் நாள் பகலுணவை நாம் அப்போதே மறந்தோம்.

தோட்டத்தின் மேற்கோடியில் ஒரு பந்தல். அதிலே சௌசௌக் கொடி, இலை தெரியாமல் காய் தொங்கக் காய்த்திருந்தது. பெரியவர் அதைக் காட்டி, "இது எங்கம்மா வச்சது" என்றார். அதே கொடியா என்று கேட்டோம். இல்லை, ஆனால் அதே வமிசம். காய் முற்றி உள்ளேயே முளைவிட, அதை முழுதாகப் புதைக்க, அதிலிருந்து அடுத்தது என்று ஐம்பது ஆண்டுகளாக இடமும் பந்தலும் மாறாமல் வந்திருக்கிறது.

"எழுபத்து மூணு, எழுபத்து நாலுல எனக்குப் பதினொரு பன்னிரண்டு வயசிருக்கும், ஐயா. அரிசி இல்ல, மா இல்ல. இந்த லயத்துலயே ரெண்டு வீட்டுல சாவு விழுந்திச்சு. எங்கம்மா இதத்தான் அவிச்சிக் குடுத்தாங்க. காய், கொழுந்து, அடிக்கெழங்கு எல்லாம். காலையில சௌசௌ, ராத்திரியில சௌசௌ. ‘இனிமே சாகுற வரைக்கும் இதத் தின்னமாட்டேன்’ன்னு அப்ப நெனச்சேன். இப்ப இது இல்லாம முடியல."

1973–74இல் தோட்டங்களில் பட்டினி நிலவியதும் பலர் மாண்டதும் நூல்களில் பதிவானவை. அந்தப் பட்டினிக்கும் எட்டடித் துண்டு நிலத்துக்கும் உள்ள உறவை நாம் எந்த நூலிலும் படித்ததில்லை.

"இந்த நிலத்துக்கு உறுதி இருக்கிறதா?" என்று நாம் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டோம்.

இல்லை. மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போயிற்று. நிலம் அரசினுடையதாகவே இருக்கிறது. இடையிலே லயத்துக்குப் பின்னால் கிடக்கும் துண்டு யாருடையது என்றால், யார் பயிரிடுகிறாரோ அவருடையதன்று என்பது மட்டும் நிச்சயம். அன்று துரையின் தயவில் பயிரிட்டார்கள்; இன்று நிர்வாகத்தின் மௌனத்தில் பயிரிடுகிறார்கள். வீட்டோடு சேர்த்து 7 பேர்ச் காணி வழங்கும் திட்டம் 2015இன் பின் வந்தது. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மோடி இதே பள்ளத்தாக்கிலுள்ள நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே கட்டப்பட்டுவந்த 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். பெரியவர் அக்கூட்டத்துக்கு விடியற்காலையிலேயே போய் நின்றவர். 2023இல், மக்கள் இம்மலைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த கூட்டமும் காணியையே கேட்டது. அவருடைய லயத்தின் முறை இன்னும் வரவில்லை.

"வீடு குடுப்பாங்க, ஐயா. குடுக்கிறது நல்லதுதான். ஆனா பந்தல் போட இடம் இருக்குமான்னுதான் யோசிக்கிறேன்" என்றார்.

மேலே திரும்பும் வழியில் ஒரு விஷயம் கேட்டறிந்தோம். கூடாரத்துத் தோட்டத்தின் வாயிலில் ‘இரசாயனம் சேராத மரக்கறி’ என்று பலகை தொங்குகிறது. வெளிநாட்டு விருந்தினர் அதை விரும்புகிறார்களாம். 2021 மே மாதத்தில் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடையைத் தளர்த்தியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தச் சில மாதங்களில் நுவரெலியாவின் மரக்கறி விவசாயிகளும் தேயிலைத் தோட்டங்களும் பட்ட பாடு பெரிது. உரத்தையே உண்டு பழகிய மண், ஒரு நாளில் அதை மறக்குமா? பெரியவரின் எட்டடி நிலத்துக்கோ அந்தத் தடை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மாட்டெரு, அடுப்புச் சாம்பல், அழுகிய இலை, இவற்றைத் தவிர அது வேறெதையும் கண்டதில்லை. வேறெதையும் வாங்க அவரிடம் பணமிருந்ததில்லை என்பதும் அதற்கொரு காரணம். மேலே பலகை மாட்டிப் போற்றப்படுவது, கீழே வறுமை கற்பித்த பழக்கம்.

புறப்படும்போது அவர் ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்தார். உள்ளே முளைவிட்ட ஒரு சௌசௌக் காய். "கொழும்புல வருமான்னு தெரியாது. போட்டுப் பாருங்க. முழுசா மூடக்கூடாது; முளைப்பக்கம் வெளிய தெரியணும்" என்றார். பணம் கொடுக்க முயன்றோம். முகம் சுருங்கியது, விட்டுவிட்டோம்.

வெள்ளவத்தையில் நம் வீட்டுப் பின்புறத்து மதிலோரத்தில் அதை நட்டோம். கொடி வந்தது, மதிலேறியது, அடுத்த வீட்டு மாமரத்தையும் பிடித்தது. ஆனால் காய்க்கவில்லை. கடற்கரை வெக்கை அதற்கு ஒத்துவரவில்லை போலும். இலை மட்டும் செழித்துப் படர்ந்த அதை வெட்டிவிடலாம் என்று இல்லத்தரசி இரண்டு தடவை சொன்னார். வெட்டவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. மலைநாடெங்கும் மண்சரிவு, அறுநூறுக்கும் மேற்பட்டோர் நாடு முழுவதும் மாண்டனர். தொலைபேசித் தொடர்பு திரும்பியதும் பெரியவரை அழைத்தோம். குடும்பத்தில் எல்லோரும் சுகம். கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். லயத்தின் சுவரில் வெடிப்பு. பின்புறத்துச் சரிவு, பந்தலோடு இறங்கிவிட்டது. நஷ்டக் கணக்கெடுக்க வந்தவர்கள் காம்பராவைப் பதிந்துகொண்டு போனார்களாம். தோட்டத்தைப் பதிய, அது எவர் பெயரிலும் இல்லையே! கூடாரங்கள் மேலே பத்திரமாக நிற்கின்றன என்றும், விருந்தினர்தாம் அந்த மாதம் வரவில்லை என்றும் சொன்னார். பின் சற்றே பேச்சை நிறுத்தி,

"ஐயா, அங்க கொடி இருக்குங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றோம்.

காய்தான் வேண்டுமென்பதில்லை, முற்றிய கொடியின் துண்டும் வேர்விடும் என்று அவரே சொன்னார். 2026 தைப்பொங்கல் கழிந்த வாரத்தில், கணுக்கணுவாக ஆறு துண்டுகள் வெட்டி, ஈரச் சாக்கிலே சுற்றி, கோட்டையிலிருந்து ஹட்டன் புறப்படும் பஸ்ஸின் நடத்துநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். "என்னங்க இது?" என்றார் அவர். சௌசௌக் கொடி என்றோம்.

"கொழும்புலயிருந்தா மலைக்குச் சௌசௌ அனுப்புறீங்க!" என்று சிரித்துக்கொண்டே, அதை வெயில் படாமல் தம் ஆசனத்தின் கீழே தள்ளி வைத்துக்கொண்டார்.